தரைச் சூடு

மேல் நிலையம்
டிசம்பர் 23

தரவுக் கணக்குப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

தொலைநோக்கி மெக்கானிக் பணிவுடன் எழுதிக்கொள்வது. கருவி நலம். கம்ப்ரஸர் நலம். உணர்கருவிகள் மைனஸ் இருநூற்று எழுபதுக்கும் கீழே சௌக்கியமாக உறைந்து கிடக்கின்றன. அப்பா மட்டும் செத்துப்போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறதாம்.

இதை எனக்குச் சொன்னது நீங்கள் இல்லை. டெப்போவில் அப்பாவோடு வேலை பார்த்த செக்கர் மாமா. முந்தாநாள் மத்தியானம் இணைப்பு கிடைத்த அரைமணி நேரத்தில் அவருடைய மூன்று வரி வந்து விழுந்தது. "உங்கப்பா போய் இன்னியோட நாப்பது நாள் ஆச்சு. நீ வரமுடியாத இடத்துல மாட்டிக்கிட்டேன்னு அக்கா சொல்லுச்சு. மனசைத் தேத்திக்கப்பா." ஆள் மாறி அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அதற்கு அடுத்தாற்போல் உங்கள் கடிதம் இருந்தது. "அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்."

எந்த வெயிலில், அக்கா?

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். நவம்பர் 13: அப்பா தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நவம்பர் 27: வீட்டு போன் ரிப்பேர். டிசம்பர் 4: அப்பா இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார், உன்னைப் பற்றித்தான் பேச்சு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு முழு ஆளை மறைத்திருக்கிறாய்.

பனி விழுந்து ரோடு மூடியது நவம்பர் 20-ல். அதற்கு முன்னால் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாய். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாமான் வண்டியில் ஏறி மறுநாள் கீழே வந்திருப்பேன். இது உனக்கும் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அப்பா என்னைக் கேட்டாரா?

தம்பி என்று கையெழுத்துப் போட மனசு வரவில்லை.


டிசம்பர் 26

தம்பிக்கு,

நீ தெரிந்துகொண்டது உண்மை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் என்னால் முடிக்க முடியாது.

நவம்பர் 2 காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் நீர் என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, "பத்து நாளும் ஆகலாம், பத்து மாசமும் ஆகலாம்" என்றார் டாக்டர். நவம்பர் 11 காலை ஆறே முக்காலுக்குப் போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். மேலே இருப்பது மூன்று பேர். ஜெனரேட்டர்காரர், சமையலும் மருந்தும் பார்க்கிறவர், நீ. தொலைநோக்கியில் கை வைக்கத் தெரிந்தவன் நீ மட்டும். நீ இறங்கினால் ரோடு மூடுவதற்குள் திரும்பி ஏறுவாய் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? கருவியை நிறுத்தியிருப்பார்கள். காற்றில் ஈரம் இல்லாத நாலு மாதம்தான் நமக்கு வானம் தெரியும். அது போனால் அந்த வருஷமே போச்சு. ஏழு வருஷமாக இந்தப் பருவத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

இதைச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்பாய். ஆனால் முடிவு என்னுடையது மட்டும் இல்லை. அப்பாவே சொன்னார். "அவனைக் கூப்பிடாத. ரோடு மூடிடும், வேலை கெட்டுடும். அப்புறமா சொல்லிக்கலாம்" என்று. உன் கேள்விக்கு இதுதான் பதில்.

அவர் போன பிறகு நான் எழுதியவற்றுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. முதல் வாரம் சொல்லக் கை வரவில்லை. அடுத்த வாரம், போன வாரம் எழுதியதை மாற்ற முடியவில்லை. பிறகு அது பழக்கமாகிவிட்டது. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மேல் நிலையம்
ஜனவரி 6

அக்கா,

கடிதம் படித்தேன். ஆய்வறிக்கை மாதிரியே இருக்கிறது. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. பிழை எவ்வளவு இருக்கலாம் என்று மட்டும் கடைசியில் போடவில்லை.

அப்பா அப்படிச் சொன்னார் என்கிறாய். பத்து நாளாக அந்த மூன்று வாக்கியத்தை அவர் வாயில் வைத்துப் பார்க்கிறேன், பொருந்தவில்லை. என் வேலை கெட்டுப்போகும் என்று அவர் என்றைக்குக் கவலைப்பட்டார்? "எங்கே போனாலும் நட்டு நட்டுதான், போல்ட்டு போல்ட்டுதான், வேலை எங்க ஓடிப்போகுது" என்கிற ஆள் அவர்.

போன வருஷம் நான் கிளம்பும் முன்னால் ஒரு மணி நேரம் அவருக்கு விளக்கினேன். நீ அப்போது லேப்டாப்பில் மூழ்கியிருந்தாய். பிரபஞ்சம் பிறந்து கொஞ்ச காலத்தில் கிளம்பின வெளிச்சம், ஆறி ஆறி இப்போது வானம் முழுக்க லேசான சூடாகப் பரவிக் கிடக்கிறது, அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, இடத்துக்கு இடம் லட்சத்தில் ஒரு பங்கு கூடும் குறையும், அந்தக் கூடுதல் குறைச்சலைத்தான் அளக்கிறோம் என்றேன். "ஜுரம் இல்ல, கணகணப்புன்னு சொல்லு" என்றார். "நெத்தியில கை வைக்காம கணகணப்பை எப்படிடா பாப்பீங்க?" சுற்றி இருக்கிற சூடு எதுவும் கருவியின் கண்ணில் படாமல் மறைத்துவிட்டுப் பார்ப்போம் என்று தரைத் தடுப்பைப் பற்றிச் சொன்னேன். இருபத்து நாலு அலுமினியத் தகடு, ஒன்றரை ஆள் உயரம், தொலைநோக்கியைச் சுற்றி வட்டமாக. வாரா வாரம் அதில் பனியைச் சுரண்டுவது என் வேலை. "அவ்வளவு படிச்சவங்க நடுவுல நீ வேலிக்காரன்" என்று சிரித்தார். அதற்கப்புறம் போனில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த மனுஷன் "வேலை கெட்டுடும்" என்றாரா? அது உன் பேச்சு, அக்கா. உன் வாயால் வாரத்துக்கு நாலு தரம் கேட்டிருக்கிறேன்.

இங்கே சமையல்காரர் என் கதவுக்கு வெளியே தட்டு வைத்துவிட்டுப் போகிறார். "சாப்பிடுங்க தம்பி, அழறதுக்கும் தெம்பு வேணும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உன் கடிதத்தில் அது கூட இல்லை.

திரும்பவும் கேட்கிறேன். என்னைக் கேட்டாரா?

தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. இது அலுவல் விஷயம், அதனால் எழுதுகிறேன்.

பருவத்தின் முன்பாதியில் எடுத்த வான வரைபடத்திலிருந்து பின்பாதியில் எடுத்ததைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. வானம் மாறுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் செய்கிற சோதனைதான். இந்த வருஷம் மிஞ்சுகிறது. ஒரு நாள் விடாமல் வெட்டி வெட்டிப் பார்த்தேன். மாற்றம் தொடங்குவது டிசம்பர் 21 பகல். அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது.

நிலைய நாட்குறிப்பைப் பார்த்தேன். டிசம்பர் 21: எல்லாம் சரி. 22: எல்லாம் சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே இரண்டு வார்த்தை. ஒரு போல்ட்டில் மரை தேய்ந்ததற்குப் பத்து வரி எழுதுகிறவன் நீ. முற்றத்துக் கேமராவும் அன்றிலிருந்து வெள்ளையாக இருக்கிறது, லென்ஸில் பனி. அதைத் துடைப்பதும் நீதான்.

செக்கர் மாமாவின் செய்தி வந்த நாள் அது என்று எனக்குத் தெரியும். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கருவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன்.

அக்கா


மேல் நிலையம்
பிப்ரவரி 1

அக்கா,

எல்லாம் சரி. அப்பா வெயிலில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு சரியோ அவ்வளவு சரி.

உனக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? கழித்தலம்மா. ஜெனரேட்டர்காரர் வைத்தது. எதைக் கொடுத்தாலும் எதிலிருந்தாவது கழித்துப் பார்ப்பாளாம். அப்பாவையும் கழித்தாய். ஒன்றும் மிஞ்சவில்லை என்று நினைத்துக்கொண்டாய்.

உன் கேள்விக்கு பதில் என்னிடம் இருக்கிறது. என் கேள்விக்கு பதில் உன்னிடம் இருக்கிறது. நீ முதலில் சொல்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

நான் முன்பே பதில் சொல்லிவிட்டேன். அப்பா சொன்னதை எழுதினேன். நீ நம்பவில்லை என்றால் நான் என்ன செய்ய?

இங்கே நிலைமையைச் சொல்கிறேன். நாங்கள் ஏழு வருஷமாகத் தேடுகிற ஒன்று இருக்கிறது. அந்த மிச்சச் சூட்டின் அதிர்வுத் திசையில் மிக மெல்லிய ஒரு சுழிப்பு. பிரபஞ்சத்தின் முதல் கணத்தில் நடந்ததன் தடம் அதில் இருக்கும். யாரும் இதுவரை பார்த்ததில்லை. கழித்தல் சோதனை தேறாமல் முழு வரைபடத்தைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. எங்கள் குழுத் தலைவர், பெரியவர், திறந்துவிட்டார். கூப்பிட்டு எனக்கும் காட்டினார். சுழிப்பு இருக்கிறது. ஆனால் பின்பாதியில் மட்டும்.

"முன்பாதியில கருவி இன்னும் செட் ஆகலை. டிசம்பர்ல ஏதோ சரியாயிருக்கு. முன்னால உள்ளதைத் தூக்கிப் போட்டுடுங்க" என்கிறார் பெரியவர். மாநாடு மார்ச் 1. அறிவிக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் சொல்வது போல முன்பாதி கெட்டதாக இருக்கலாம். நேர்மாறாகவும் இருக்கலாம். எண்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. டிசம்பர் 21 அன்று தடுப்பில் ஒரு பழுதைச் சரிசெய்தேன் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், பின்பாதி நிற்கும். உண்மையாக இருந்தால் மட்டும் எழுது.

எனக்கும் ஆசையாக இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நாற்பத்தாறு வயதாகிறது, கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா இருந்த அறையில் உட்கார்ந்துதான் அந்த வரைபடத்தை இரண்டாம் தடவை பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. அதற்காக என்னை நானே வெறுக்கிறேன்.

அக்கா


மேல் நிலையம்
பிப்ரவரி 16

அக்கா,

அந்த ஒரு வரியை எழுதினேன். "டிசம்பர் 21 அன்று தடுப்பில் ஒரு பழுது சரிசெய்யப்பட்டது." ஒரு நாள் முழுக்க மேஜையில் கிடந்தது. அனுப்பினால் நீ மேடை ஏறுவாய், படம் எடுப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் வேறு எவனாவது வேறொரு கருவியில் பார்த்து ஒன்றுமில்லை என்பான். உன் மானம் கப்பலேறும். அதைப் பார்க்கவும் எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்காக இல்லை. உன்னை மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை, அதனால்.

அன்று காலையில் பனி சுரண்டப் போனேன். பதினேழாவது தகட்டின் மடிப்புக்குள் பனிக்கட்டி புகுந்து தகடு உப்பியிருந்தது. கழற்றி ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்து சாய்த்தேன். கட்டி உருகியதும் தட்டி நிமிர்த்தி ஒரு மணி நேரத்தில் திரும்ப மாட்டிவிடலாம். அதற்குள் இணைப்பு நேரம் வந்தது. போய்ப் பார்த்தேன். அதன் பிறகு தகடு எனக்கு ஞாபகம் இல்லை. இதுவரைக்கும் நடந்தது மறதி.

மூன்றாம் நாள் ஸ்பேனர் எடுக்க ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அது சுவரில் சாய்ந்து நின்றது. பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கக்கூடச் செய்தேன். கீழே வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். இது மறதி இல்லை. கேமராவைத் துடைக்காததும் மறதி இல்லை. நாட்குறிப்பில் "எல்லாம் சரி" என்று எழுதும்போது ஒவ்வொரு நாளும் உன் கையெழுத்தில்தான் எழுதுவதாகத் தோன்றும்.

பதினேழாவது தகட்டுக்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று நிலையத்தின் வரைபடத்தில் பார். அறுபது மீட்டர் தள்ளித் தங்கும் கட்டடம். அதன் மூலையில் என் அறை. தரையிலிருந்து வரும் சூடு மாறாமல் ஒரே அளவாக இருந்தால் நீ கழித்துவிடுவாய். மாறாத தவறு உங்களுக்குத் தவறே இல்லை என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். என் ஹீட்டருக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் பகல் முழுக்க எரியும். ஒரு நாள் போடவே மாட்டேன், விறைத்துக்கொண்டு கிடப்பேன். ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு முழுச் சூட்டில் வைத்த நாட்களும் உண்டு. இந்த எட்டு வாரம் எப்படி இருந்தேன் என்று நீ ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. எல்லாம் உன் வரைபடத்தில் இருக்கிறது. பெரியவர் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினாரே, அதுதான்.

பின்பாதி கெட்டது. முன்பாதி நல்லது. நேற்று தகட்டை மாட்டிவிட்டேன். நாட்குறிப்பில் நடந்தது முழுவதையும் எழுதியிருக்கிறேன், மூன்று பக்கம்.

பார், நான் முதலில் சொல்லிவிட்டேன். இனி உன் முறை. அப்பா அப்படிச் சொன்னது நிஜம் என்றால் திரும்ப எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் நம்பிவிடுகிறேன்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பின்பாதியை நீக்கிவிட்டேன். மிச்சம் அறுபத்தெட்டு நாள். அதை வைத்துக்கொண்டு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநாட்டில் ஐந்து நிமிஷம் பேசினேன். ஒரு தகடு கழன்றிருந்தது, முடிவு இல்லை என்றேன். பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

யார் கழற்றியது என்று கூட்டத்தில் கேட்டார்கள். சொன்னேன். ரோடு திறந்ததும் உனக்குப் பதிலாக வேறு ஆள் வருவார். உன்னை இனி இந்த மாதிரி இடம் எதிலும் சேர்க்க மாட்டார்கள். ஏன் எட்டு வாரம் மாட்டவில்லை என்றும் கேட்டார்கள். அதற்கு வாய் திறக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துவிடாதே. சொன்னால் என் பக்கமும் வெளியே வரும், அதனால்தான்.

நீ கொடுத்த வழி எனக்குச் சுலபமாக இருந்தது. சும்மா இருந்தால் போதும். பதினைந்து நாள் சும்மா இருந்து பார்த்தேன்.

அப்பா அப்படிச் சொல்லவில்லை.

நவம்பர் 9 மத்தியானம், ரோடு திறந்திருந்தபோது, மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார். "அவனுக்குப் போன் போடு" என்றார். நான் போனை எடுத்தேன். நிலையத்து நம்பரை அழுத்தினேன். நீ குரலைக் கேட்டால் கிளம்பிவிடுவாய் என்று தெரியும். மணி அடிப்பதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். "எடுக்கலைப்பா" என்றேன்.

சாயங்காலம் இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்போது நம்பரைக்கூட அழுத்தவில்லை. "எடுக்கலைப்பா."

அவர் கோபப்படவில்லை. "கை வேலையா இருப்பான். மிஸ்டு கால் பார்த்தா அவனே கூப்பிடுவான்" என்றார். போனைத் தன் தலையணைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் இருந்தார். நடுவில் நர்ஸ் யாரோ அதை எடுத்து மேஜையில் வைத்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அக்கா